காலிப் பாக்கெட் யாருடையது?

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை அங்கேதான் மாநிலம் மாறுகிறது. ஒரு பக்கம் தேனி மாவட்டம், மறுபக்கம் இடுக்கி. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஜீப்கள் இந்த மலைப் பாதையில் ஏறும். மாலையில் அதே ஜீப்கள் இறங்கும். விடுமுறை நாட்களில் இவற்றோடு சுற்றுலாப் பயணிகளின் கார்களும் சேர்ந்துகொள்ளும்.

மலைமேல் போகிறவை எவை, கீழே வருகிறவை எவை என்று கணக்கெடுத்தால் ஒரு விஷயம் புலப்படும். ஏலக்காய் இறங்குகிறது. மிளகு இறங்குகிறது. தேயிலை இறங்குகிறது. ஏறுபவை பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு, தண்ணீர் பாட்டில். பிஸ்கட்டும் சிப்ஸும் தீர்ந்துவிடுகின்றன. அவற்றைச் சுற்றியிருந்த உறை தீர்வதில்லை. எவரும் மெனக்கெட்டு இறக்காவிட்டால் அது மலையிலேயே தங்கிவிடுகிறது. ஓடையில், ஏலச் செடிகளின் அடியில், சாலையோரப் பள்ளத்தில்.

அதை இறக்குவது யார் வேலை? ஊராட்சியின் வேலை என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. குப்பை போட்டவன் வேலை என்று ஊராட்சி சொன்னது. சமீப வருடங்களில் மூன்றாவதாக ஒரு பதில் வந்திருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று பணம் தரும். தொண்டு நிறுவனம் ஒன்று ஆள் தரும். இருவரும் கைகோத்துக் கழிவை மறுசுழற்சி செய்வார்கள். பேனர், பச்சை நிறத் தொப்பி, புகைப்படம் எல்லாம் உண்டு. இந்தக் கூட்டணிகளை முழு ஏமாற்று என்று ஒதுக்குவதும் தவறு, முழுத் தீர்வு என்று கொண்டாடுவதும் தவறு. எது உருப்படியானது, எது வெறும் விளம்பரம் என்று பிரித்தறிய ஒரு நல்ல உதாரணம் இதே சாலையில் இருக்கிறது.

தேயிலைக் கம்பெனியின் காகிதம்

போடிமெட்டிலிருந்து பூப்பாறை, தேவிகுளம் வழியாகப் போனால் மூணாறு. கண்ணன் தேவன் மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டத்தில் தாயும் தகப்பனும் காலையில் வேலைக்குப் போய்விட்டால், உடலாலோ மனவளர்ச்சியாலோ குறைபாடுள்ள பிள்ளை வீட்டில் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடையாக 1991-ல் பிறந்தது ஸ்ருஷ்டி. டாடா டீ நிறுவனத்தின் ஆதரவில் ரத்னா கிருஷ்ணகுமாரின் முயற்சியில் உருவான அமைப்பு அது. தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான மறுவாழ்வுப் பள்ளி அதன் அஸ்திவாரம்.

பள்ளி முடித்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது அடுத்த கேள்வி எழுந்தது. இனி இவர்களுக்கு வேலை? அதற்கு விடையாகத் தொழிற்கூடங்கள் வந்தன. கையால் காகிதம் செய்யும் ‘அதுல்யா’, இயற்கைச் சாயம் தோய்க்கும் ‘ஆரண்யா’, ஸ்ட்ராபெரி ஜாம் தயாரிக்கும் ‘நிசர்கா’, ரொட்டி சுடும் பேக்கரி ஒன்று.

அதுல்யாவின் மூலப்பொருள் கழிவுக் காகிதம். எந்தக் கம்பெனி அலுவலகத்திலும் குவிந்து கிடப்பதுதான். அதைத் தரம் பிரித்து, கிழித்து, ஊறவைத்து, அரைத்துக் கூழாக்க வேண்டும். சல்லடைச் சட்டத்தைக் கூழ்த் தொட்டியில் முக்கி எடுத்தால் மெல்லிய ஏடு படியும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தித் தண்ணீர் பிழிந்து, கொடியில் உலர்த்தி, மெருகேற்றினால் காகிதம். ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி வேலை. ஒருவருக்குக் காலில் குறையென்றால் உட்கார்ந்து கிழிக்கலாம். பேச்சு வராதவருக்குச் சட்டம் முக்குவதில் எந்தத் தடையும் இல்லை. வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க முடிவதால்தான் இந்தத் தொழில் அவர்களுக்குப் பொருந்திவந்தது.

ஆரண்யாவில் சாயத்துக்குத் தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் இலை, மாதுளைத் தோல், கடுக்காய் போன்றவை. சுற்றுவட்டாரத்தில் தூக்கி எறியப்படுவதில் பாதி அங்கே நிறமாகிறது. பட்டிலும் பருத்தியிலும் முடிச்சுப் போட்டுத் தோய்க்கும் சேலைகளுக்கும் துப்பட்டாக்களுக்கும் இன்று நகரங்களில் கிராக்கி உண்டு.

இந்த அமைப்பு முப்பது வருடங்களைத் தாண்டி நிற்பதற்கு என்ன காரணம்? டாடா டீயே மாறிவிட்டது. 2005-ல் மூணாறுத் தோட்டங்கள் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாகக் கொண்ட புதிய கம்பெனியின் கைக்குப் போயின. டாடா டீயின் பெயரும் மாறி 2020-ல் டாடா கன்ஸ்யூமர் புராடக்ட்ஸ் ஆனது. ஆனாலும் ஆதரவு நிற்கவில்லை. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அங்கே நடப்பது வேலை. இரக்கத்துக்காக ஒருமுறை வாங்குபவர் மறுமுறை வரமாட்டார். சாயம் போகாத சேலைக்கும் மை ஊறாத காகிதத்துக்கும் மறுமுறையும் வருவார்கள். நிறுவனம் கட்டடத்தைக் கொடுக்கலாம், நிர்வாகத்தைக் கொடுக்கலாம், கழிவைக் கொடுக்கலாம். சரக்கு விற்க வேண்டுமென்றால் சரக்கு நன்றாக இருக்க வேண்டும்.

குமரப்பா சொன்ன கணக்கு

இந்தக் கணக்கைத் தமிழர் ஒருவர் நெடுநாள் முன்பே போட்டுக் காட்டினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். கைக்காகிதம் அந்தச் சங்கம் மீட்டெடுத்த தொழில்களில் ஒன்று. இயற்கை தன் கழிவைத் தானே உணவாக்கிக்கொள்கிறது, மனிதனின் தொழிலும் அப்படி இருந்தால்தான் நிலைக்கும் என்பது 1945-ல் வெளிவந்த அவருடைய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய நூலின் சாரம். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960-ல் மறைந்தார். இன்று கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் பக்கம் பக்கமாக வரும் ‘நீடித்த வளர்ச்சி’யின் பாட்டனார் அவர் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் குமரப்பாவின் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. உழைப்பவனுக்கு உரிய கூலி கிடைக்காத பொருளாதாரம் நிலைக்காது. மூணாறு இதையும் பார்த்திருக்கிறது. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு மூணாறு நகரச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். ஒன்பது நாளில் வாங்கினார்கள். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். பின்னர் அது 301 ஆயிற்று.

இரண்டும் ஒரே மலையில் நடந்தவை. ஸ்ருஷ்டியின் நல்ல வேலையை 2015 சிறுமைப்படுத்திவிடவில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொடுப்பது நியாயமான கூலிக்கு ஈடாகாது என்று அந்தப் பெண்கள் எல்லோருக்கும் புரியவைத்தார்கள். கடமை வேறு, தர்மம் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வித்தியாசத்தை நம் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரல் முதல் அது அமலில் இருக்கிறது. மறுசுழற்சிக் கூட்டணிகள் பெருகியதற்கு ஒரு காரணம் இந்தப் பணம். 2021-ல் வந்த திருத்த விதிகளில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது. வேறு சட்டத்தின்படி செய்தே தீர வேண்டிய வேலைக்கு ஆகும் செலவை இந்த 2 சதவீதத்தில் காட்டக் கூடாது.

அப்படிச் செய்தே தீர வேண்டிய வேலைகளில் ஒன்றுதான் காலிப் பாக்கெட். 2016-ம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளும் 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகளும், பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்பவரே அந்த உறையைச் சேகரித்து மறுசுழற்சி செய்யவும் பொறுப்பு என்கின்றன. தயாரிப்பாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்று இதற்குப் பெயர். எனவே ஒரு பிஸ்கட் கம்பெனி தன் உறைகளைப் பொறுக்க ஏற்பாடு செய்துவிட்டு அதைத் தர்மம் என்று விளம்பரப்படுத்தினால் அது கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நன்கொடை ரசீது கேட்பது மாதிரி.

நடைமுறையில் சேகரிப்பது யார்? கேரளத்தில் ஹரித கர்ம சேனை. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் பச்சைச் சீருடையில் வீடு வீடாகப் போய்ச் சுத்தமான பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் அதற்கு மாதா மாதம் கட்டணம் கொடுக்கிறார். கழுவி, உலர்த்தி, எடுத்து வைப்பது வீட்டுக்காரர். மலைச்சரிவில் மூட்டை சுமப்பது சேனைப் பெண். பாட்டில் விலை போகும். பல அடுக்காக ஒட்டப்பட்ட சிப்ஸ் உறையும் தேயிலை உறையும் விலை போகாது. அவற்றைப் பிரித்து மறுபடி பிளாஸ்டிக் ஆக்குவது லேசில் நடக்காது. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. உறையைச் செய்தவர் இந்தச் சங்கிலியில் எங்கே நிற்கிறார்? அவர் சான்றிதழ் வாங்குகிறார். இத்தனை டன் மறுசுழற்சி ஆனது என்று வேறொருவர் தரும் சான்றிதழ். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன.

ஐந்து பாக்கெட்டுக்கு ஒன்று

காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம், இந்தியா அவ்வளவு பெரிய நாடு, சில்லறைக் கடைகள் லட்சக்கணக்கில் என்பது தொழில்துறையினரின் வாதம். தமிழ்நாட்டில் அது நடந்திருக்கிறது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெரிய கம்பெனிகளோடு போட்டி போட அவர் கொண்டுவந்த திட்டம் மிக எளிமையானது. எந்த ஷாம்புவின் காலிப் பாக்கெட்டானாலும் சரி, ஐந்து கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பு இலவசம். பிறகு அதை சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். கிராமத்துப் பெட்டிக்கடைகளில் காலிப் பாக்கெட் கைமாறியது. விற்பனை ஏறியது.

அன்று அது சுற்றுச்சூழலுக்காக நடக்கவில்லை, வியாபாரத்துக்காக நடந்தது. ஆனாலும் பாக்கெட் திரும்பி வந்தது. காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தால் அது தெருவில் கிடக்காது என்பது நிரூபணமானது. 2022 மே மாதம் நீலகிரியில் இன்னொரு முறை நிரூபணமானது. மதுபாட்டில்கள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. குடித்தவருக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் பாசம் வந்துவிடவில்லை. 10 ரூபாய் வந்தது.

ஆகவே கூட்டணி அமைக்கும் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உழைக்கிறவருக்குக் கூலி கிடைக்கிறதா, பாராட்டு மட்டும் கிடைக்கிறதா? புகைப்படம் எடுத்து முடித்த பத்தாவது வருடமும் அந்தக் கூடம் இயங்குமா? இந்த இரண்டுக்கும் ஸ்ருஷ்டியிடம் பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்வி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. உங்கள் சொந்த உறையைத் திரும்ப எடுத்துக்கொள்ள நீங்கள் என்ன விலை தருகிறீர்கள்?

வாசகர் செய்யக்கூடியதும் உண்டு. பையைக் கையோடு கொண்டுபோவது, தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போவது, குப்பையைப் பிரித்து வைப்பது. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று சொன்னது இதைத்தான். ஆனால் மஞ்சப்பையோடு கடைக்குப் போகிறவருக்கு அங்கே உறையில்லாத பிஸ்கட் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் அவர் பொறுப்பு முடிந்து கம்பெனியின் பொறுப்பு தொடங்குகிறது.

போடிமெட்டில் பாக்கெட்டுகளை ஏற்றிவரும் வேன்கள் சரக்கை இறக்கிவிட்டுப் பெரும்பாலும் காலியாகத்தான் மலையிறங்குகின்றன. இடம் இருக்கிறது. வண்டி இருக்கிறது. டீசலும் எப்படியும் செலவாகப் போகிறது. காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வைக்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை.