கடலைப் பார்த்த வராந்தா யாருக்கு?

இன்றைக்கு மாத்திரை, ஊசி எதுவும் இல்லை. கொஞ்சம் வீடு பார்க்கப் போகலாம். நீளமான இழை, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக டைம்லைனில் ஒரு படம் சுற்றுகிறது. வெள்ளை வெளேரென்று மூன்று மாடி வீடுகள். ஒவ்வொரு மாடியிலும் வராந்தா, மரத்தில் பூவேலை, எதிரே கடல். "வாழ்ந்தா இப்படி வாழணும்", "பணக்காரன் ரசனையே தனி" என்று கீழே கருத்துகள். அது ஜெர்மனியின் பால்டிக் கடற்கரை. ரசிப்பதில் தப்பில்லை, நானும் ரசித்தேன். ஆனால் அந்த வராந்தா ரசனையில் மட்டும் பிறந்ததில்லைங்க. அதன் பின்னால் ஒரு மருந்துச்சீட்டு இருக்கிறது, அதை எழுதியவர் ஒரு டாக்டர்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1750ல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கழுத்துக் கட்டி உள்ளிட்ட சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்று ஒரு நூல் எழுதினார். குளிக்க மட்டுமில்லை, குடிக்கவும் சொன்னார்! பிரைட்டன் என்ற மீனவ ஊர் பெரிய கடற்கரை நகரமானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டுப் போன லிஷ்டன்பெர்க் என்ற ஜெர்மன் இயற்பியல் பேராசிரியர், நம் நாட்டில் ஏன் இப்படி ஒரு பொதுக் கடல் குளியல் ஊர் இல்லை என்று கட்டுரை எழுதிக் கேட்டார். அது அச்சில் வந்தது 1793ல்.

அதே 1793ல் மெக்லன்பர்க் பகுதியை ஆண்ட கோமகன் முதலாம் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரான்ஸ், தன் மருத்துவர் சாமுவேல் கோட்லீப் ஃபோகல் சொன்னதைக் கேட்டு, டோபரான் ஊருக்குப் பக்கத்துக் கரையில் கடலில் இறங்கினார். அந்தக் கரைக்கு ஹைலிகன்டாம் என்று பெயர், "புனிதக் கரை" என்று பொருள் சொல்லலாம். ஜெர்மனியின் முதல் கடல் குளியல் ஊர் அதுதான்.

ஃபோகல் ரோஸ்டாக் பல்கலைக்கழகப் பேராசிரியர். கடல் குளியலை யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று புத்தகமே எழுதியவர். குளியல் அன்றைக்கு விளையாட்டு இல்லை, டோஸ் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை. மரவண்டிக்குள் உட்கார வைத்து, வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளி, யார் கண்ணிலும் படாமல் முங்கி எழ வைப்பார்கள். குளிர் தாங்காதவர்களுக்குக் கடல்நீரைச் சுடவைத்துத் தொட்டிக் குளியல்.

ஒரு சின்ன விஷயம். பால்டிக் கடல் நீரில் பெருங்கடலில் இருக்கும் உப்பில் பாதிகூடக் கிடையாது. மெரினாவில் தவறி ஒரு வாய் குடித்தவர், அந்த "மருந்தை" ஃபோகலின் நோயாளிகளைவிட வீரியமாகவே குடித்திருக்கிறார்!

மருந்துச்சீட்டு எழுதியாச்சு. அடுத்து நோயாளி தங்க இடம் வேண்டுமே, அங்கேதான் கட்டிடம் வருகிறது. கார்ல் தியோடோர் செவெரின் என்ற கட்டிடக் கலைஞர் 1814 முதல் 1816 வரை ஹைலிகன்டாமில் குர்ஹவுஸ் கட்டினார். வருபவர்கள் கூடவும், சாப்பிடவும், ஆடவும் ஒரு மண்டபம். முகப்பில் கிரேக்கக் கோயில் மாதிரி பருத்த தூண்கள், எல்லாம் வெள்ளை. நெற்றியில் லத்தீனில் ஒரு வரி: குளித்து நலம் பெற்றவனே, இங்கே உன்னை மகிழ்ச்சி அழைக்கிறது என்பது அதன் சாரம். நம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் "எச்சில் துப்பாதீர்", "சத்தம் போடாதீர்" படித்தே பழகிய எனக்கு, நோயாளியை சந்தோஷமாக இருக்கச் சொல்லும் பலகை கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கடலோரமாக ஒரே வரிசையில் தங்கும் வில்லாக்கள் எழுந்தன. அந்த வரிசைக்கு இன்றைக்கும் "முத்துமாலை" என்றுதான் பெயர். 1886ல் டோபரானிலிருந்து குட்டி ரயில் வந்தது. "மோல்லி" என்று செல்லப் பெயர், ஊருக்குள் தெருவோடு தெருவாக நீராவி விட்டுக்கொண்டு இன்றைக்கும் ஓடுகிறது.

ரயில்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பெர்லினில் நிலக்கரிப் புகைக்கு நடுவே இருந்தவர்கள் கோடையில் பால்டிக்குக்கு வர ஆரம்பித்தார்கள். ரூகன் தீவில் பின்ஸ், ஊஸெடோம் தீவில் ஹெரிங்ஸ்டார்ஃப், ஆல்பெக், பான்சின் என்று கரை முழுக்க வில்லாக்கள். நீங்கள் படத்தில் பார்த்தது பெரும்பாலும் இந்தக் காலத்து வீடுகள், 1880 முதல் முதல் உலகப் போர் வரை கட்டியவை. ஜெர்மானியர்கள் இதற்கு "குளியல் ஊர்க் கட்டிடக்கலை" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கறாராகப் பார்த்தால் அது ஒரு பாணியே இல்லை. ஒரு வீட்டில் கிரேக்கத் தூண், பக்கத்து வீட்டில் கோட்டைக் கோபுரம், அடுத்ததில் சுவிஸ் மலைவீட்டு மரவேலை. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வராந்தா. ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு அறைக்கும்.

ஏன்? டாக்டர் "காற்று" என்று எழுதியிருக்கிறார். ஆனால் பால்டிக் காற்று சும்மா வராது, எலும்பு வரைக்கும் குளிரும். காற்று வேண்டும், வாடை வேண்டாம். வெளிச்சம் வேண்டும், மேலில் படக் கூடாது. இதற்குத் தச்சர்கள் கண்ட விடை அந்த வராந்தா. இரண்டு பக்கம் மறைப்பு, மேலே கூரை, முன்பக்கம் திறப்பு அல்லது கண்ணாடி. பின்ஸ் கரை கிழக்குச் சாய்ந்தது, காலை வெயில் நேராக உள்ளே வரும். வோல்காஸ்ட் என்ற ஊரில் மர வீடுகளைத் தொழிற்சாலையில் பாகம் பாகமாகச் செய்து, கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். பின்ஸில் உள்ள "வில்லா உண்டினே" அப்படி வந்த வீடுதான்.

இதே விடையை ஒரு கூடைக்காரரும் கண்டுபிடித்தார். 1882ல் வாத நோயால் அவதிப்பட்ட எல்ஃப்ரீடே ஃபான் மால்ட்ஸான் என்ற அம்மையார், ரோஸ்டாக்கில் கூடை முடையும் வில்ஹெல்ம் பார்டெல்மானிடம் போய், காற்று அடிக்காமல் கடலோரம் உட்கார ஒரு நாற்காலி கேட்டார். அவர் பிரம்பில் முடைந்து கொடுத்த கூண்டு நாற்காலிதான் ஸ்ட்ராண்ட்கார்ப். இன்றைக்கு ஜெர்மன் கடற்கரை என்றாலே அதுதான் ஞாபகம் வரும். பார்டெல்மானின் மனைவி எலிசபெத் அடுத்த வருடமே அதை வாடகைக்கு விட ஆரம்பித்தார். கெட்டிக்காரம்மா!

இப்போது டாக்டராக ஒரு கேள்வி. அந்தக் கடல் உண்மையிலேயே குணப்படுத்தியதா?

சொரியாசிஸ் போன்ற சில தோல் நோய்களுக்கு வெயில் உதவும், அதன் அடிப்படையில்தான் இன்றும் ஒளிச் சிகிச்சை தருகிறோம். உப்புத் துளி கலந்த சுத்தமான காற்று சிலருடைய மூச்சுக் குழாய்க்கு இதம். மற்றபடி கடல்நீரில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே போனவர் மூன்று வாரம் புகையில்லாத ஊரில் இருந்தார், நன்றாகத் தூங்கினார், நேரத்துக்குச் சாப்பிட்டார், தினமும் நடந்தார், யாரும் அவரை வேலை ஏவவில்லை. என் கணிப்பில் குணமானவர்களில் பலர் குணமானது இதனால்தான்.

ஆகவே அந்த ஊர்களில் விற்றது லீவு. லீவு யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் அந்த வீடுகளின் வரலாறு மொத்தமும் விளங்கிவிடும்.

முதலில் கோமகன்களுக்கு. பிறகு பெர்லின் முதலாளிகளுக்கு. அதிலும் எல்லோருக்கும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்னமே யூதர்கள் வரக்கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஊர்கள் அந்தக் கரையில் இருந்தன, ஊஸெடோமின் சின்னோவிட்ஸ் அதில் பேர் போனது. கோடை வந்தால் எந்தெந்த ஊருக்குப் போகக் கூடாது என்று யூதப் பத்திரிகைகள் பட்டியல் போட வேண்டியிருந்தது. அதே தீவின் ஹெரிங்ஸ்டார்ஃப் அவர்களை வரவேற்றது. ஓப்பன்ஹைம், பிளைஷ்ரோடர் போன்ற வங்கிக் குடும்பங்களின் பெயர்கள் அங்கே வில்லாக்களில் இன்றும் இருக்கின்றன. ஹிட்லர் வந்தபின் யூதர்களுக்கு எந்தக் கரையும் இல்லாமல் போனது, வீடுகளும் பறிபோயின.

தொழிலாளிக்கு லீவு தருகிறேன் என்று நாஜிகளும் சொன்னார்கள். பின்ஸுக்குப் பக்கத்தில் புரோராவில் 1936ல் தொடங்கி நாலரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டிடம். 20,000 பேருக்கு, எல்லா அறையும் கடலைப் பார்த்து. போர் வந்தது, ஒரு குடும்பம்கூட அங்கே லீவு கழிக்கவில்லை.

அடுத்து கிழக்கு ஜெர்மனி. இங்கேதான் எனக்கு மனசு இரண்டாகப் பிரிகிறது. ஹைலிகன்டாமின் வெள்ளை மாளிகைகளை அந்த அரசு தொழிலாளர் சானடோரியம் ஆக்கியது. மூச்சு நோய், தோல் நோய் உள்ள சாதாரண ஆட்கள் கோமகன் தங்கிய கரையில் படுத்து சிகிச்சை எடுத்தார்கள். அரசு டாக்டராக இதைப் படிக்கும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

ஆனால் 1953 பிப்ரவரி, மார்ச்சில் அதே அரசு "ரோஜா நடவடிக்கை" என்று பூப்போன்ற பெயர் வைத்துக் கரையோரம் போலீசை அனுப்பியது. பொருளாதாரக் குற்றம் என்று சொல்லி 400க்கும் மேற்பட்ட ஹோட்டல்கள், விருந்தினர் இல்லங்களைப் பிடுங்கியது. 400க்கும் மேற்பட்டவர்கள் கைது. அவர்களில் நாலு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைத்த சின்னக் குடும்பங்களும் உண்டு. பலர் எல்லாவற்றையும் விட்டு மேற்கே ஓடினார்கள். வீடுகளில் பெரும்பகுதி தொழிற்சங்க விடுமுறை இல்லங்கள் ஆயின. ஓய்வு வேண்டும் என்ற டயக்னோசிஸ் சரி. அதற்காக அடுத்தவன் வீட்டைப் பறித்ததை நான் எந்தக் காலத்திலும் சரியென்று சொல்ல மாட்டேன்.

1990க்குப் பிறகு பலருக்கு வீடு திரும்பக் கிடைத்தது. சிதிலமானவற்றுக்கு வெள்ளையடித்தார்கள், படத்தில் மின்னுவது அந்த வெள்ளை. ஹைலிகன்டாமை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கி, 2003ல் ஐந்து நட்சத்திர ஹோட்டல் திறந்தது. முத்துமாலை வில்லாக்கள் பல வருடம் ஜன்னல் அடைத்துக் கிடந்தன. ஹோட்டலைச் சுற்றி ஊர்க்காரர்கள் எதுவரை நடக்கலாம் என்று தகராறு வேறு. 2007ல் ஜி-8 மாநாடு அங்கே நடந்தபோது 12 கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். உலகத் தலைவர்கள் வரிசையாக ஒரு ராட்சத ஸ்ட்ராண்ட்கார்ப்பில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாத நோயாளி கேட்டு வாங்கிய நாற்காலி அது. 2012ல் ஹோட்டல் திவாலாகி, அடுத்த வருடம் கை மாறியது.

"சரி டாக்டர், இதுல எங்களுக்கு என்ன?" என்கிறீர்களா.

ஓபியில் ரெஸ்ட் என்று எழுதுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமான மருந்து. மாத்திரை ஃபார்மசியில் இலவசமாகக் கிடைக்கும், ரெஸ்ட் கிடைக்காது. "ஒரு வாரம் வேலைக்குப் போகாதீங்கம்மா" என்றால், "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே போய் நர்ஸிடம் "நாளைக்குப் போகலாம்ல?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். தப்பு அவர்கள் மேல் இல்லை. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளை வில்லாவை விடுங்க. அதே ஹைலிகன்டாமில் கொஞ்சம் தள்ளி, யாரும் போட்டோ எடுக்காத ஒரு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. மூச்சு நோயாளிகள், தோல் நோயாளிகள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ஜெர்மனியில் டாக்டர் எழுதி, ஒப்புதல் கிடைத்தால், இப்படித் தங்குவதற்கான செலவில் பெரும்பகுதியை ஓய்வூதியக் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ ஏற்கும். சோர்ந்துபோன தாய்மார்கள் பிள்ளைகளோடு போய்த் தங்கவும் ஏற்பாடு உண்டு, அதற்காக 1950ல் எல்லி ஹாய்ஸ்-க்னாப் என்ற அம்மையார் தொடங்கிய அமைப்பு இன்றும் நடக்கிறது. ஃபோகல் எழுதிய சீட்டு, யார் வீட்டையும் பிடுங்காமல், சாதாரண ஆள் கைக்கு வந்தது இந்த வழியில்தான். பொறாமைப்பட வேண்டுமானால் அந்தக் காப்பீட்டைப் பார்த்துப் படுங்கள். நம்மிடம் கடலுக்கா பஞ்சம்?

ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். ரோஸ்டாக்கிலிருந்து பாட் டோபரானுக்கு ரயில், அங்கே மோல்லிக்கு மாறினால் ஹைலிகன்டாம். குர்ஹவுஸ் நெற்றியில் இருக்கும் அந்த லத்தீன் வரியை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஜாக்கெட்டை மறக்காதீங்க. கோடையிலும் அந்தக் காற்று ஆளைத் தூக்கும்.