லேப்டாப்புக்கும் பல் பார்க்கணும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் அட்மிஷன் முடிஞ்ச கையோட எங்க ஆலங்காயம் பக்கம் ஒரு புதுச் செலவு வந்து நிக்கும். முன்னாடி எல்லாம் சைக்கிள், அப்புறம் செல்போன், இப்போ லேப்டாப். பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ற பிள்ளைங்க கேட்கிறது நியாயம்தான். ஆனா அதை எப்படி வாங்குறதுங்கிற விஷயத்துல, பட்டணத்துல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க சொல்ற யோசனை பாதிக்கு மேல இங்க செல்லாதுங்கிறது என் கருத்து. கோவிச்சுக்காதீங்க, காரணத்தைச் சொல்றேன்.

எங்க தெருவுல ஒரு குடும்பம். அப்பா வாணியம்பாடியில தோல் கம்பெனி. அம்மா ஆம்பூர்ல ஷூ கம்பெனி. காலையில இருட்டோட கம்பெனி பஸ் ஏறினா, திரும்பி வரும்போது விளக்கு வச்சிருக்கும். 2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டான் இல்லையா, அப்போ அந்தம்மாவுக்கு ஓவர்டைம் நின்னு போச்சு. உங்களுக்கு அது செய்தி, இங்க அது மளிகைக் கடை பாக்கி. இந்த வருஷம் பொண்ணு காலேஜ் சேருது. சீட்டு எடுத்த பணம் 35 ஆயிரம் கையில இருக்கு. பெங்களூர்ல இருக்கிற தாய்மாமன் போன் பண்ணி, "இன்னும் இருபதைப் போட்டு நல்லதா எடுங்க, இ.எம்.ஐ. இருக்கே"ன்னு சொல்லியிருக்கார். பொண்ணு என்கிட்ட வந்து, "பெரியப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டுச்சு.

இ.எம்.ஐ. வேணாம்னேன். வட்டியே இல்லைன்னு போர்டு வச்சிருப்பாங்க, பிராசசிங் கட்டணம்னு ஒண்ணு தனியா வரும். அதுகூடப் பரவாயில்லை. மாசாமாசம் ஒரே சம்பளம் வர்ற வீட்டுக்குத்தான் தவணை. ஓவர்டைமை நம்பி ஓடுற வீட்டுக்கு அது கழுத்துல கட்டின கல்லு.

சரி, 35 ஆயிரத்துக்குள்ள என்ன வாங்குறது? மாட்டுச் சந்தைக்குப் போனா நாங்க கொம்புல பூசின பெயிண்டைப் பார்க்க மாட்டோம், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்போம். லேப்டாப்புக்கும் பல் உண்டு. அது பிராசசர் பேருக்குப் பின்னாடி இருக்கிற நம்பர். இன்டெல்ல ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் கொம்புதான். அதுக்கு அடுத்து வர்ற நம்பர்தான் வயசு. ஐ5-6300யூன்னா ஆறாவது தலைமுறை, 2015-ல வந்தது. ஐ5-8350யூன்னா எட்டாவது தலைமுறை, 2017. ஐ3-1215யூன்னா பன்னெண்டாவது. ஆறாவது தலைமுறை ஐ7-ஐவிட பன்னெண்டாவது தலைமுறை ஐ3 நல்லா உழைக்கும். ஆனா கடையில "ஐ7 சார்"னு சொல்லித்தான் தள்ளிவிடுவாங்க.

ஏ.எம்.டி.யில இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கு. ரைசன் 5 7520யூன்னு ஒண்ணு விக்குது. 7000 வரிசைன்னா புதுசுன்னு தோணும். அதுல மூணாவது இலக்கத்தைப் பாருங்க, 2. அப்படின்னா உள்ள இருக்கிறது ஜென் 2, பழைய கட்டமைப்பு. 7530யூன்னா மூணாவது இலக்கம் 3, அதாவது ஜென் 3. பத்து நம்பர்தான் வித்தியாசம், உழைப்புல நல்ல வித்தியாசம். அதோட 7520யூ போட்ட மெஷின்ல ரேம் போர்டோட சால்டர் பண்ணித்தான் வரும், பின்னாடி கூட்ட முடியாது. எட்டு ஜி.பி.யோட வாங்கினா கடைசி வரைக்கும் எட்டுதான்.

கடை வாசல்ல அடுக்கி வச்சிருக்கிற ரொம்ப மலிவான சரக்கு இருக்கே, செலரான் என்4020, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. ஈஎம்எம்சி, அதைக் கண்ணெடுத்தும் பார்க்காதீங்க. விண்டோஸ் 11 ஓடுறதுக்கு மைக்ரோசாப்ட் சொல்ற குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. இடமும்தான். அது உசிரோட இருக்கிறதுக்கான அளவு, வேலை செய்றதுக்கான அளவு இல்லை. ஏழை வீட்டுப் பணம் அதிகமா வீணாகுறது இந்தச் சரக்குலதான். ஒரு வருஷத்துல பிள்ளை செல்போனுக்கே திரும்பிடும், லேப்டாப் பீரோ மேல ஏறிடும்.

எவ்வளவு இருந்தா போதும்னு யாரைக் கேட்கிறது? யூடியூப்ல கேட்டா கேமிங் லேப்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. என்னைக் கேட்டா நம்ம அரசாங்க டெண்டரைப் பாருங்கன்னு சொல்வேன். சிரிக்காதீங்க. 2011 செப்டம்பர் 15-ம் தேதி திருவள்ளூர் மாவட்டத்துல ஜெயலலிதா தொடங்கி வச்ச இலவச லேப்டாப் திட்டத்துல 50 லட்சத்துக்கும் மேல கொடுத்திருக்காங்க. எங்க ஊர்லயே அந்த லேப்டாப் இல்லாத தெரு கிடையாது. 2025-26 பட்ஜெட்டுல காலேஜ் பிள்ளைங்களுக்கு ரெண்டு வருஷத்துல 20 லட்சம்னு அறிவிச்சாங்க. அதுக்கு எல்காட் கேட்ட டெண்டர்ல 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 14 இல்லைன்னா 15.6 இஞ்ச் திரைன்னு போட்டிருந்தாங்க. லட்சக்கணக்குல வாங்கி, எல்லாப் பாடத்துக்கும் ஆகுற மாதிரி யோசிச்சுப் போட்ட அளவு இது. ஒரு காலேஜ் பிள்ளைக்கு இதுக்குக் கீழ போகக்கூடாது, இதுக்கு மேல கடன் வாங்கிப் போகவும் தேவையில்லை.

அப்போ அந்த இலவசத்துக்கே காத்திருக்கலாமேன்னு கேட்பீங்க. 2026 ஜனவரியில கொடுக்க ஆரம்பிச்சாங்க, உண்மைதான். ஆனா முதல் வருஷப் பிள்ளைக்கு என்னைக்கு வரும்னு கணக்குப் பண்ணிப் படிப்பை நிறுத்தி வைக்க முடியுமா? மானாவாரி நிலக்கடலைக்குக்கூட நாங்க மழை வந்தப்புறம்தான் விதைக்கிறோம், ஆனா உழவை முன்னாடியே ஓட்டி வச்சுடுவோம்.

அதனால நான் சொன்னது, ஆபீஸ்ல ஓடின பழைய லேப்டாப். கம்பெனிங்க மூணு நாலு வருஷம் ஓட்டிட்டு மொத்தமாத் தள்ளிவிடுறது, சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கும். லெனோவா திங்க்பேட் டி480, டெல் லேட்டிடியூட் 5490 மாதிரி. ரெண்டுலயும் ரேமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கு, திருகைக் கழட்டி நாமளே மாத்தலாம். டி480-ல வெளி பேட்டரியைக் கையாலயே கழட்டலாம். கீழ விழுந்தாலும் தாங்குற உடம்பு. முதல் வருஷம் சி லாங்குவேஜ் படிக்கிற பொண்ணுக்கு இது தாராளம்.

இதுலயும் பல்லைப் பார்த்துத்தான் வாங்கணும். 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திடுச்சு. இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்குக் கீழ இருக்கிற மெஷின்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால ஆறாவது, ஏழாவது தலைமுறை மெஷினெல்லாம் இப்போ மலிவா சந்தைக்கு வருது. மலிவுன்னு பாய்ஞ்சுடாதீங்க. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது லாபம், மத்தவங்களுக்கு இல்லை.

தோல் தரம் பிரிக்கிறவர் மேல் பளபளப்பை மட்டும் பார்த்து விட மாட்டார், திருப்பிப் போட்டு உள்பக்கம் கத்தி பட்டிருக்கான்னு தடவிப் பார்ப்பார். அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையே இல்லை. திருப்பிப் போடுங்க, திருகு எல்லாம் இருக்கா, அடிப்பக்கம் உப்பியிருக்கான்னு பாருங்க. உப்பியிருந்தா பேட்டரி போச்சு, கிட்டவே வைக்காதீங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. எங்க ஊர்ல காத்து அடிச்சா கரண்ட் போயிடும், ஜவ்வாது மலைப் பக்கம் மழை பிடிச்சா கேட்கவே வேணாம். உங்க அபார்ட்மெண்ட்ல பேட்டரி ஒரு வசதி. இங்க நாளைக்கு அசைன்மென்ட் இருக்குன்னா அதுதான் எல்லாம். (கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேணாம். 45 வாட் சார்ஜர் தினம் அஞ்சு மணி நேரம் ஓடினாலும் ரெண்டு மாசத்துக்கு 13.5 யூனிட்தான்.)

ஆன்லைன்ல ஏன் வாங்கக்கூடாதுன்னு மாமன் கேட்டாராம். பழசை நேர்ல பார்க்காம வாங்காதீங்கன்னுதான் நான் சொன்னேன். ரசீதுல சீரியல் நம்பரும் வாரண்டி எத்தனை மாசம்னும் எழுதித் தராத கடையில எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேணாம்.

இன்னொண்ணு உங்ககிட்ட கேட்கணும். ஊர்ப் பிள்ளைக்குன்னு பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்து கொடுக்கிறீங்க, நல்ல மனசு. ஆனா சார்ஜர் இல்லாம, பேட்டரி செத்துப்போய், பாஸ்வேர்டு தெரியாம வர்றதுதான் அதிகம். எங்க ஊர்ல அதுக்குச் சார்ஜர் தேடி அலையுற பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு புது பேட்டரியும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்டு, உங்க கணக்கை எல்லாம் அழிச்சுட்டுக் கொடுங்க. கல்யாணத்துக்கு எடுக்கிற ஒரு பட்டுச்சட்டைக் காசுதான் ஆகும்.

பொண்ணும் அப்பாவும் வர்ற ஞாயித்துக்கிழமை சென்னைக்குப் போறதா இருந்தாங்க. ஞாயிறு அங்க பாதிக் கடை பூட்டியிருக்கும், ஒருநாள் லீவு போட்டுட்டு வேலை நாள்ல போங்கன்னு சொல்லியிருக்கேன். மாமன் தர்றதாச் சொன்ன இருபதாயிரத்தை முதல் வருஷ ஹாஸ்டல் பீஸுக்குக் கேட்டு வாங்கிக்கோன்னும் சொன்னேன். அதுக்கு அவர் இன்னும் பதில் சொல்லலை.