தட்டைப்புழு எப்போது முட்டையிடத் தொடங்குகிறது?

பள்ளியில் பிளனேரியாவைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும் மறப்பதில்லை. இரண்டாக வெட்டினால் அது இரண்டு புழுவாகிவிடும். நன்னீர் ஓடைகளில் கல்லுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும் இந்தச் சிறிய தட்டைப்புழுவின் சில இனங்கள் இணைசேர்ந்து முட்டையும் இடும். ஒரே புழு வாழ்நாளின் ஒரு பகுதியில் துண்டாகிப் பெருகிவிட்டு, பிறகு முட்டையிடவும் தொடங்கலாம். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒற்றை வரியில் விளக்கம் சொல்லி முடித்துவிடுவார்கள்: சூழல் நன்றாக இருந்தால் துண்டாகும், கெட்டுப்போனால் பால்வழி இனப்பெருக்கத்துக்கு மாறும்.

இந்த வரியில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. குளிர் கூடினால் இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதும், வெப்பம் கூடினால் துண்டாவது அதிகரிப்பதும் சில இனங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் குளிரை உணர்ந்த புழுவின் உடலுக்குள் என்ன நடக்கிறது? அந்த வரி இதைத் தொடுவதே இல்லை. அதனால்தான் புழு ஏதோ யோசித்து முடிவெடுப்பதைப் போன்ற எண்ணம் படிப்பவர் மனதில் தங்கிவிடுகிறது.

துண்டாவதை முதலில் பார்ப்போம். ஆய்வகத்தில் கத்தி செய்யும் வேலையை இயற்கையில் புழு தானே செய்துகொள்கிறது. பெரும்பாலும் இருட்டில், தண்ணீர் அசையாமல் இருக்கும் வேளையில் இது நடக்கும். வால் பகுதி தன் கோழையால் தரையைப் பற்றிக்கொள்ள, தலைப் பகுதி முன்னோக்கி நகரப் பார்க்கும். உடலின் நடுவில் ஓர் இடம் ஒடுங்கி மெலியும். புழு இழுக்கும், தளரும், மறுபடி இழுக்கும். கடைசியில் அந்த மெலிந்த இடத்தில் கிழிந்துவிடும். தலை தன் வழியே போய்விட, தலையில்லாமல் கிடக்கும் வால் ஒன்றிரண்டு வாரங்களில் மூளை, கண், தொண்டை எல்லாவற்றையும் வளர்த்துக்கொள்ளும். உடல் முழுவதும் பரவிக் கிடக்கும் நியோபிளாஸ்ட் என்ற குருத்தணுக்கள்தான் இதைச் சாத்தியமாக்குகின்றன.

பால்வழிக்குத் தேவைப்படும் ஏற்பாடு மிகப் பெரியது. முட்டையிடும் பிளனேரியா ஒவ்வொன்றும் இருபாலுயிரி. கண்களுக்குச் சற்றுப் பின்னால் ஒரு ஜோடி சூலகம், உடலின் இரு ஓரங்களிலும் வரிசையாக விந்தகங்கள், மஞ்சள்கருச் சுரப்பிகள், வாய்க்குப் பின்னால் கலவி உறுப்பும் அதற்கான துளையும் இருக்கும். இரண்டு புழுக்கள் விந்தணுக்களைப் பரிமாறிக்கொண்டு, பல கருக்கள் அடங்கிய முட்டைக்கூடுகளை இடும். துண்டாகிப் பெருகும் புழுவுக்குள் தேடினால் இவற்றில் அநேகமாக எதுவும் இருக்காது, இருந்தாலும் வளராத சிறு மொட்டாகத்தான் இருக்கும். ஆகவே மாறுவது என்றால் வளர்ந்து முடிந்த ஓர் உடலுக்குள் முழு உறுப்புத் தொகுதியையே புதிதாகக் கட்டவேண்டும். மனிதரிலும் எலியிலும் இனப்பெருக்க அணுக்கள் கருப்பருவத்திலேயே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. பிளனேரியாவிலோ வளர்ந்த உடலிலும் குருத்தணுக்களிலிருந்து அவை உருவாக முடியும். இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இழப்பு மீட்டல் ஒரு பாடத்திலும் இனப்பெருக்கம் வேறொரு பாடத்திலும் கிடப்பதால், இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பது கண்ணில் படாமலே போகிறது.

எல்லாப் பிளனேரியாவும் மாறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகங்களில் பெரிதும் வளர்க்கப்படும் ஷ்மிட்டியா மெடிட்டரேனியா இனத்தில் இரண்டு வகைகள் உண்டு. துண்டாகிப் பெருகும் வகையில் ஒரு குரோமோசோமின் பகுதி இன்னொன்றோடு இடம் மாறியிருக்கிறது. இந்த இரண்டு வகைகளும் இயல்பாக ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

மாறும் புழுக்களில் எது மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது? 1941-இல் விலங்கியலாளர் ரோமன் கென்க், துண்டாகிப் பெருகும் ஒரு புழுவின் உடலோடு, முட்டையிடும் வகைப் புழுவின் முன்பகுதியை ஒட்டவைத்தார். அதுவரை எந்த இனப்பெருக்க உறுப்பும் இல்லாதிருந்த உடலில் அவை வளர்ந்தன. முட்டையிடும் புழுவின் உடலிலிருந்து ஏதோ ஒரு பொருள் அங்கே கடந்து போயிருக்க வேண்டும்.

அந்தப் பொருளைத் தேடியவர்களில் ஜப்பானின் காசுயா கோபயாஷி, மொதொனோரி ஹோஷி குழுவினர் முக்கியமானவர்கள். துண்டாகிப் பெருகும் டுகேசியா ரியூக்யூவென்சிஸ் புழுக்களுக்கு அவர்கள் வேறொரு பிளனேரியா இனத்தையே இரையாகக் கொடுத்தார்கள். டெல்லோசெஃபாலா புரூனியா என்ற அந்த இனம் முட்டையிட்டு மட்டுமே பெருகுவது. அதைத் தொடர்ந்து தின்ற புழுக்கள் சில வாரங்களில் முட்டையிடும் புழுக்களாயின. 1999-இல் வெளியான அவர்களின் ஆய்வு இந்த மாற்றத்தை ஐந்து கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. முதலில் சூலகம் பெருக்கும், அடுத்து அதில் சினையணுக்கள் தோன்றும், அதற்குப் பிறகுதான் விந்தகமும் மற்றவையும் எட்டிப்பார்க்கும்.

இதில் என்னை மிகவும் கவர்வது இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடையில் இருக்கும் எல்லை. இரண்டாம் கட்டத்தில் அந்த இரையை நிறுத்திவிட்டால் வளர்ந்தது சுருங்கி, புழு பழைய நிலைக்கே திரும்பிவிடும். மூன்றாம் கட்டத்தை எட்டியபின் நிறுத்தினாலோ மாற்றம் நிற்காது. அதற்குள் அந்தத் தூண்டுபொருளைப் புழுவின் உடலே தயாரிக்கத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து வந்த தூண்டுதல் ஓர் அளவைத் தாண்டியதும் உள்ளிருந்தே ஊறுகிறது. புழு எங்கே முடிவெடுக்கிறது என்று கேட்டால், இந்த எல்லையைத்தான் காட்ட முடியும்.

2017-இல் அந்தத் தூண்டுபொருட்களில் ஒன்று அடையாளம் காணப்பட்டது. அது டி-டிரிப்டோஃபேன். நம் உணவுப் புரதத்தில் இருக்கும் டிரிப்டோஃபேனுக்கு இது இடக்கைக்கு வலக்கை போல. இது சூலகத்தை மட்டுமே வளர்க்கிறது, முழு மாற்றத்துக்கு வேறு பொருட்களும் வேண்டும்.

கட்டிய உறுப்புகள் தாமாக நிலைத்துவிடுவதும் இல்லை. ஷ்மிட்டியாவின் முட்டையிடும் வகையில், நரம்பு மண்டலத்திலிருந்து வரும் என்பிஒய்-8 என்ற நரம்புப் பெப்டைடைத் தடுத்தால் முதிர்ந்த விந்தகம் தொடக்க நிலைக்குச் சரிந்துவிடுகிறது என்று அமெரிக்காவில் பிலிப் நியூமார்க்கின் ஆய்வகம் 2010-இல் காட்டியது. தலையை வெட்டினாலும் இதுவே நடக்கிறது. புதிய மூளை வளர்ந்தபின் விந்தகமும் மீள்கிறது. நெடுநாள் பட்டினி போட்டால் புழு சிறுத்து, இனப்பெருக்க உறுப்புகளையும் கரைத்துக்கொள்ளும். இரை கிடைத்தால் மறுபடி கட்டும். குளிர், வெப்பம், இரை என்று நாம் பட்டியலிடும் சூழல் காரணங்கள் எல்லாம் நரம்பு வழியாகவும் வேதிப்பொருள் வழியாகவும்தான் வேலை செய்தாக வேண்டும்.

இது ஓடைப் புழுவோடு நிற்கும் விஷயமாக இருந்தால்கூட எனக்குப் போதும். ஆனால் மனித ரத்தக்குழாய்களில் வாழும் சிஸ்டோசோமாவும் ஒரு தட்டைப்புழுதான். நத்தைக்குள் பாலிலா முறையில் பெருகி, மனித உடலுக்குள் ஆண் பெண்ணாக வளரும் புழு அது. உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோருக்கு, அது உண்டாக்கும் நோய்க்கான தடுப்பு மருந்து தேவைப்படுகிறது. பெண்புழு இடும் முட்டைகள் கல்லீரலிலும் குடலிலும் சிக்கிக்கொள்வதுதான் நோய்க்கு முக்கியக் காரணம். ஆணோடு சேராத பெண்புழு முதிர்வதே இல்லை. ஆண் என்ன கொடுக்கிறது என்பதை டெக்சாஸில் ஜேம்ஸ் காலின்ஸின் குழு 2022-இல் கண்டறிந்தது: பீட்டா-அலனைல்-டிரிப்டமின் என்ற சிறு மூலக்கூறு. டிரிப்டோஃபேனிலிருந்து உருவாவது. 2024-இல் இதே மூலக்கூறு பிளனேரியாவின் பால்முதிர்ச்சிக்கும் தேவை என்று நியூமார்க் குழு காட்டியது. ஆணே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் காலின்ஸ் குழு அந்த மூலக்கூறை மட்டும் சேர்த்தபோது, அதுவரை முதிராதிருந்த சிஸ்டோசோமா பெண்புழுக்கள் வளர்ந்து முட்டையிட்டன. அந்த மூலக்கூறு உருவாகாமல் தடுக்கும் மருந்து கிடைத்தால், நோய் பரப்பும் முட்டைகளை அவை உருவாகும் இடத்திலேயே நிறுத்திவிடலாம்.