பேட்டரி மேல பழி போடாதீங்க

செமஸ்டர் லீவு முடிஞ்சு காலேஜ் திறக்கிற அன்னிக்கு ஹாஸ்டல் பார்க்கிங் பக்கம் போய்ப் பாருங்க. ஒரு மாசமா தூசி படிஞ்சு நின்ன வண்டியில உட்கார்ந்து யாராவது செல்ஃப் அமுக்கிட்டு இருப்பாங்க. ‘டிக் டிக் டிக்’னு ஒரு சத்தம் வரும். வண்டி எடுக்காது. சுத்தி நிக்கிற நாலு பேரும் ஒரே குரல்ல தீர்ப்பு சொல்வாங்க: “மச்சி, பேட்டரி போச்சு. மாத்திடு.”

அந்த நாலு பேர்ல ஒருத்தர் இ.இ.இ., ஒருத்தர் இ.சி.இ., ஒருத்தர் மெக்கானிக்கல். நாலாவது ஆள் கம்ப்யூட்டர் சயின்ஸ், அவரை விட்டுடலாம். மத்த மூணு பேரும் ஓம் விதியில பரீட்சை எழுதி பாஸ் ஆனவங்க. ஆனா ஒருத்தர் கையிலயும் மல்டிமீட்டர் இல்ல. ஒரு எண்கூட பார்க்காம தீர்ப்பு வந்தாச்சு.

என் கருத்து இதுதான்: அளந்து பார்க்காம யாரும் பேட்டரி மாத்தக் கூடாது. பொறியியல் படிக்கிற நாம மாத்தவே கூடாது.

மொட்டை மாடியில இருக்கிற தண்ணி டேங்க்கை நினைச்சுக்கோங்க. காலையில டேங்க் காலியா இருக்குன்னா, உடனே புது டேங்க் வாங்குவீங்களா? மோட்டார் ஓடிச்சா, எங்கயாவது குழாய் ஒழுகுதான்னுதானே முதல்ல பார்ப்பீங்க? வண்டியிலயும் அதே கதைதான். பேட்டரி ஒரு டேங்க். அதை நிரப்புறது ஸ்டேட்டர் காயிலும் ரெகுலேட்டரும். காலி பண்றது செல்ஃப் மோட்டார், லைட், ஹாரன், அப்புறம் நாம கூடுதலா மாட்டி வைக்கிற எல்.இ.டி. சமாச்சாரங்கள். இதுல எது கெட்டாலும் கடைசியில காலியாகுறது பேட்டரிதான். அதனாலதான் பழியும் அது மேலயே விழுது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? முதல்ல காதைத் தீட்டிக்கோங்க. பட்டனை அமுக்கினா சத்தமே இல்லையா? கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், ஃபியூஸ், லூசான டெர்மினல், இதையெல்லாம் பாருங்க. வேகமா ‘டிக் டிக்’னு அடிக்குதா? வோல்டேஜ் போதலைன்னு அர்த்தம். ரிலே இழுக்குது, மோட்டார் கரண்ட் கேட்ட உடனே வோல்டேஜ் விழுது, ரிலே விட்டுடுது, மறுபடி இழுக்குது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, லைட்டும் மங்கலைன்னா, ரிலே காண்டாக்ட்டோ செல்ஃப் மோட்டாரோ சந்தேகத்துக்குரியது.

அடுத்து மல்டிமீட்டர். நம்ம லேப்ல இருக்கிறதே போதும். டி.சி. வோல்டேஜ்ல வச்சு மூணு தடவை அளங்க.

ஒண்ணு, வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு, சாவி ஆஃப்ல. 12.6-க்கு மேல இருந்தா ஃபுல் சார்ஜ். 12.4 பரவாயில்ல. 12-ஐ ஒட்டி வந்துட்டா கிட்டத்தட்ட காலி. நல்லா சார்ஜ் போட்ட பிறகும் 10.5 பக்கத்துலயே நின்னா, ஆறு செல்லுல ஒண்ணு செத்திருக்க வாய்ப்பு அதிகம். இப்ப தாராளமா பேட்டரியைக் குற்றம் சொல்லலாம்.

ரெண்டு, செல்ஃப் அமுக்கும்போது. 10 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழ போகக் கூடாது. ஃபுல் சார்ஜ்ல இருந்தும் 7, 8-னு விழுந்தா பேட்டரிக்கு உள்ள தெம்பு இல்ல.

மூணு, வண்டி ஓடும்போது, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து. 13.5-ல இருந்து 14.5-க்குள்ள இருக்கணும். ஏறாம 12 சொச்சத்துலயே நின்னா சார்ஜ் ஆகலை. அந்த நிலைமையில எத்தனை புது பேட்டரி போட்டாலும் சாகும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கெட்டுடுச்சு, அது பேட்டரியை வேக வச்சிடும்.

மூணும் சரியா இருந்தும் ரெண்டு நாள் நின்னா இறங்கிடுதுன்னா, எங்கயோ ஒழுகுது. சாவி ஆஃப்ல நெகட்டிவ் வயரைக் கழட்டி, நடுவுல மீட்டரைத் தொடரா போட்டு கரண்ட் அளங்க. 10 ஆம்பியர் சாக்கெட்ல ஆரம்பிங்க, அப்ப செல்ஃப் அமுக்கிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். சில மில்லி ஆம்பியர்னா கவலையில்ல. 50 மில்லி ஆம்பியர்னா ஒரு சின்ன கணக்கு போடுங்க: 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 100 மணி நேரத்துல காலி, அதாவது நாலு நாள் சொச்சம். நீங்க ஊர்ல இருந்த மாசம் முழுக்க அது காலியாவே கிடந்திருக்கும். காலியா கிடக்கிற லெட்-ஆசிட் பேட்டரியில லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டுடும். அப்புறம் உண்மையிலேயே அது தேறாது.

இன்னொண்ணு, எர்த். டெர்மினல்ல வெள்ளையோ பச்சையோ பூத்துக் கிடக்குற பவுடரைப் பார்த்திருப்பீங்க. அங்க 0.05 ஓம் ரெசிஸ்டன்ஸ்னு வச்சுக்கோங்க. சாதாரண மீட்டர்ல அது தெளிவா தெரியக்கூட செய்யாது. ஆனா செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுத்தா அங்கேயே 3 வோல்ட் போயிடும். V = IR. ரெண்டு மார்க் கேள்வியா நாம பார்த்த அதே சமன்பாடுதான் பார்க்கிங்ல நம்மளைத் தள்ள வைக்குது. சுத்தம் பண்ணும்போது நெகட்டிவ் வயரை முதல்ல கழட்டுங்க, கடைசியா மாட்டுங்க. பாசிட்டிவ்வை முதல்ல கழட்டப் போய் ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டா ஷார்ட்.

எங்க ஹாஸ்டல்ல ஒரு பையன் சாயங்காலம் சாப்பாடு டெலிவரி பண்ணித்தான் மெஸ் பில் கட்டுறான். எட்டு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தினான். மூவாயிரத்துக்கு மேல செலவு, போதாக்குறைக்கு வண்டி நின்ன நாளெல்லாம் வருமானமும் இல்ல. மூணாவது தடவை மீட்டர் வச்சோம். வண்டி ஓடும்போதும் 12.3-தான், ஏறவே இல்ல. ஸ்டேட்டர்ல இருந்து ரெகுலேட்டருக்குப் போற மஞ்சள் வயர்களோட கப்ளர் கருகி உருகிப் போயிருந்தது. புது கப்ளர் நூறு ரூபாய்கூட ஆகல. அவன் மாத்தின ரெண்டு பேட்டரி மேலயும் தப்பே இல்ல.

“அது மெக்கானிக் வேலைப்பா, நமக்கு எதுக்கு?”ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. வாரண்டியில இருக்கிற வண்டியோட வயரிங்கை நாம பிரிக்க வேணாம்தான். ஆனா மெக்கானிக் அண்ணன் ஏன் பார்ட்டை மாத்துறார்னு யோசிங்க. வாசல்ல பத்து வண்டி நிக்குது. “அண்ணே, சீக்கிரம்”னு நாமதான் தலை மேல நிக்கிறோம். தேடிக் கண்டுபிடிக்கிற நேரத்துக்கு யாரும் காசு கொடுக்கிறதில்ல, பார்ட்டுக்குத்தான் கொடுக்கிறோம். “அண்ணே, ஓடும்போது 12.3-தான் காட்டுது, சார்ஜ் ஆகலை”னு சொல்லி வண்டியைக் கொடுத்துப் பாருங்க. பேச்சே வேற மாதிரி போகும்.

இது முன்னைவிட இப்ப முக்கியம். 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது வண்டிகள்ல ஹெட்லைட்டை அணைக்கிற ஸ்விட்ச் இல்ல. 35 வாட் பல்புன்னா கிட்டத்தட்ட 3 ஆம்பியர் எப்பவும் போயிட்டே இருக்கும். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் பம்புக்கும் ஈ.சி.யு.வுக்கும் கரண்ட் வேணும். நிறைய மாடல்ல கிக்கரே கிடையாது. அப்பா காலத்து வண்டி மாதிரி நாலு பேர் தள்ளி, கியர் போட்டு எடுத்துடலாம்ங்கிற நம்பிக்கை இனி எல்லா நேரமும் செல்லாது.

நம்ம லேப்ல எல்லா சர்க்யூட்டும் ஏற்கெனவே வேலை செய்யுது. ரீடிங்கும் சீனியர் ரெக்கார்டுல ஏற்கெனவே இருக்கு. வேலை செய்யாத ஒண்ணைக் கொடுத்து “ஏன்னு கண்டுபிடி”ன்னு யாரும் நம்மகிட்ட கேட்டதே இல்ல. அந்தக் கேள்வி தினமும் பார்க்கிங்ல ஸ்டாண்டு போட்டு நிக்குது. ஒவ்வொரு ஹாஸ்டல் பிளாக்குக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு பேட்டரி சார்ஜர், ஒரு ஸ்பேனர் செட் வாங்கி வைக்கலாம். டிப்பார்ட்மென்ட் அசோசியேஷன் ஒரு சிம்போசியத்துக்கு அடிக்கிற ஃபிளெக்ஸ் காசு போதும்.

அது வர்ற வரைக்கும், அடுத்த லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. திரும்பி வந்து வண்டி எடுக்கலைன்னா, கடைக்காரருக்கு போன் பண்றதுக்கு முன்னாடி மூணு எண் எழுதிக்கோங்க: நிக்கும்போது எவ்வளவு, அமுக்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு.