பொலேரோவுக்குப் புதுமை தேவையா?

விவசாயிகளே, 2000-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த மகிந்திரா பொலேரோ, பெட்டி வடிவம் பெரிதாக மாறாமல் இன்றும் கிராமங்களில் ஓடுகிறது. உறுதியான சேஸிஸ், பின்சக்கர இயக்கம், வண்டிப்பாதையில் அடிதட்டாத உயரம் ஆகியவையே அதன் பலம். 2025-இல் தொடுதிரையும் சேர்ந்தது. இப்படிப்பட்ட வண்டிக்குப் புதுமை தேவையா?

சில மாற்றங்களைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2019 ஏப்ரல் முதல் கார், ஜீப் வகை வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். இவை உயிர் காப்பவை. வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதி புகையைக் குறைத்தது. ஆனால் பெரும்பாலான பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் மெதுவாக ஓட்டினால், கரி எரியாமல் அது அடைத்துக்கொள்ளும்.

எனவே செய்ய வேண்டியவை:

• அவ்வப்போது நெடுஞ்சாலையில் 20 நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.
• எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.
• கையேட்டில் சொன்ன இன்ஜின் ஆயிலையே ஊற்றுங்கள்.
• டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள்.

புது வண்டி வாங்கும்போது ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது உயிரைக் காக்குமா? பழுதானால் பக்கத்து ஊரிலேயே சரிசெய்ய முடியுமா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், திரைக்குக் கொடுக்கும் பணத்தை டயருக்குச் செலவிடுங்கள்.