மனக்காயத்துக்கு எத்தனை சதவிகிதம்?

ஆலையில் விரல் துண்டானால் முதலாளி இல்லையென்று சாதிக்க முடியாது. கையே சாட்சி சொல்லும். ஆனால் குண்டு வெடித்து மூளை கலங்கிய சிப்பாய்க்கு, நடுராத்திரியில் அலறி எழுந்திருப்பவனுக்கு, யார் சாட்சி? டாக்டரின் பேனாதான்.

அமெரிக்க ராணுவத்தில் 30 சதவிகிதம் என்று ஒரு கோடு உண்டு. ஊனம் அதைத் தொட்டால் மாதாமாதம் பென்ஷன், குடும்பத்துக்கும் வைத்தியம். 20 வருஷ சர்வீஸ் இல்லாதவனுக்கு அதற்குக் கீழே போட்டுவிட்டால், ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ராணுவப் பென்ஷன் கிடையாது.

யுத்த அதிர்ச்சியால் மனம் கெட்டு வேலை இழப்பவனுக்குக் குறைந்தது 50 சதவிகிதம் போடவேண்டும் என்று விதி இருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களிலிருந்து திரும்பியவர்களுக்கு 10 போட்டார்கள், பூஜ்யமும் போட்டார்கள்! 2008-ல் சிப்பாய்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல்தான் சர்க்கார் சமரசத்துக்கு வந்து 1,000 பேருக்கு மேல் கணக்கைத் திருத்த ஒப்புக்கொண்டது.

இதைவிடக் கேவலம் வாஷிங்டன் மாநிலத்தில், மாடிகன் ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்தது. யுத்த அதிர்ச்சி நோய் என்று மற்ற டாக்டர்கள் எழுதியதை அங்கே ஒரு தனிக் குழு அடித்து மாற்றிக்கொண்டிருந்தது. 2007 முதல் இப்படி 280 பேருக்கு மேல். சிலரை நடிக்கிறான் என்றே எழுதினார்கள். 2011-ல் அந்தக் குழுவின் டாக்டர் ஒருவர் சக டாக்டர்களுக்குப் பாடம் நடத்தினார்: இந்த நோய் என்று எழுதினால் ஒரு ஆள் ஆயுசுக்கும் 15 லட்சம் டாலர் வரை வாங்குவான், வரிப்பணத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று. நாடி பிடிக்க வந்தவருக்குக் கஜானாக் கவலை!

2012-ல் விஷயம் அம்பலமாயிற்று. மறுபடி சோதித்ததில் 100 பேருக்கு மேல் நோய் உண்டென்று ஆயிற்று. அப்படியானால் நடித்தது யார்?

அவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள், நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். யுத்தத்துக்கு உத்தரவு போட்டவன் வேறு. பிழைப்புக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவன் வேறு. ஊனத்தை அளப்பவனே அதற்குப் பணம் கொடுப்பவனாகவும் இருந்தால் அளவு குறையத்தான் செய்யும். ஆலை டாக்டரிடம் போய் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிகிச்சை செய்யும் டாக்டரின் எழுத்தை, செலவைப் பார்க்கிற எவரும் தொடக்கூடாது.

2020 ஜனவரி 8-ல் ஈராக்கிலுள்ள அல் அசாத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணை வீசியது. அமெரிக்கர் ஒருவருக்கும் காயமில்லை என்றார் ஜனாதிபதி டிரம்ப். பிறகு, ஏதோ தலைவலி என்றார். கடைசியில் 100 பேருக்கு மேல் மூளைக்காயம் என்று ராணுவமே ஒப்புக்கொண்டது. அன்றைய சீட்டில் "தலைவலி" என்று மட்டும் எழுதப்பட்டவன் பத்து வருஷம் கழித்து ஞாபகம் தப்பி வந்து நின்றால், எத்தனை சதவிகிதம் போடுவார்கள்?