ஆய்வகம் வந்தது, ஆசிரியர் வந்தாரா?

வடசென்னையில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிக்கு அண்மையில் போயிருந்தேன். தலைமையாசிரியர் பெருமையோடு ஓர் அறையைத் திறந்து காட்டினார். வாசலில் ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை. உள்ளே ரோபாட் செய்யும் பெட்டிகள், சென்சார்கள், முப்பரிமாண அச்சு இயந்திரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானே கம்பி இணைத்துச் செய்த சிறு வண்டியை ஓட்டிக் காட்டினாள். சுவரை நெருங்கியதும் வண்டி தானாக நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"பத்தாவது முடிச்சிட்டு என்ன குரூப் எடுப்பம்மா?" என்று கேட்டேன். "காமர்ஸ்தான்" என்றாள். "ஏன்?" "இங்க பிசிக்ஸ் மிஸ் போயி ஒரு வருஷம் ஆச்சு. அக்காங்கல்லாம் காமர்ஸ்தான் எடுத்தாங்க."

அந்தப் பிள்ளையின் பதிலைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்து 'ஸ்டெம்' கல்வி என்கிறார்கள். நகரத்து அரசுப் பள்ளிகளில் இதற்காகப் பெரிய நிறுவனங்கள் செலவிடுவதைச் செய்திகளில் பார்க்கிறோம். திறப்பு விழாவில் 'கொடை', 'தாராள மனம்' என்றெல்லாம் பேசுகிறார்கள். நம் பிள்ளைகள் கைகூப்பி நிற்கும் படம் வெளியாகிறது. முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அந்தப் பணம் பெரும்பாலும் கொடையல்ல. சட்டம் கட்டாயப்படுத்துகிற கடமை.

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். நிதி என்கிறோம். செலவிடாத தொகையை, சட்டம் குறிப்பிடும் நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றியாக வேண்டும். எந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்பதை இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும். லாபம் எங்கிருந்து வந்தது? சமூகத்தின் உழைப்பிலிருந்தும் நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. அதில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் திரும்பி வருகிறது. அதை வாங்க யாரும் குனிந்து நிற்க வேண்டியதில்லை.

பட்டணத்துப் பள்ளியைப் பற்றி நம் மாவட்டத்தில் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் யார்? நம் சேரிகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஏராளம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். அங்கே தரை துடைக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள், அதே கட்டடங்களில் பொறியாளராக நுழைய வேண்டும் என்பதுதான் நம் ஆசை. அதற்கு ரோபாட் பெட்டி போதுமா?

போதாது. மருத்துவப் படிப்பில் 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. நம் பிள்ளைகளுக்குத் திறந்த பெரிய கதவு அது. ஆனால் பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்காத பிள்ளை அந்தக் கதவுகளில் முக்கியமானவற்றை நெருங்கவே முடியாது. பிசிக்ஸ் ஆசிரியர் இல்லாத பள்ளியில், எட்டாம் வகுப்பில் ரோபாட் ஓட்டிய கை பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத்தான் தூக்கும். வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று சொல்லவில்லை. விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் எடுப்பது வேறு.

இன்னொரு கணக்கும் உண்டு. சி.எஸ்.ஆர். விதிகளின்படி, தொடர் திட்டம் என்பது தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆக, மொத்தம் நான்கு ஆண்டு. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பன்னிரண்டு முடிக்க ஏழு ஆண்டு. நிறுவனம் விரும்பினால் புதுத் திட்டமாக மறுபடியும் தொடங்கலாம். விரும்பாவிட்டால்? பயிற்றுநர் போய்விடுவார், அச்சு இயந்திரத்துக்கு உறை போட்டுவிடுவார்கள், அறையின் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். பெயர்ப்பலகை மட்டும் வாசலிலேயே இருக்கும்.

"முதலாளிகளின் பணமே வேண்டாம்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் கல்வி வரலாற்றில் வெளியிலிருந்து வந்த உதவிக்கு இடமுண்டு. கர்னல் ஆல்காட் 1894-ல் அடையாறு பக்கம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் ஆசிரியர்களைத் தயார்ப்படுத்துவதிலும் கவனம் வைத்தார்கள். கட்டடத்தையும் கருவியையும் விடப் பாடம் நடத்த நிற்கிற ஆள் முக்கியம் என்பது அன்றே தெரிந்த செய்திதான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். ஆலை இருக்கும் இடத்துக்குப் பணம் போகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் கிடைப்பது, கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த முன்னுரிமை கட்டாயமல்ல என்று மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையே விளக்கம் தந்திருக்கிறது. சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியோடு, சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியோர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் இடம்பெற்றுள்ளது. ஆகவே தொலைவைக் காரணம் காட்டி நம் பள்ளிகளை ஒதுக்க முடியாது. அரசுப் பள்ளிகளுக்கான நன்கொடையை ஒருங்கிணைக்க 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் தேவைகளை நிறுவனங்களின் முன் முதல் வரிசையில் வைக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிவுற்ற பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடம். அரசு தரும் நிதி மட்டுமல்ல, 'வேறு எந்த மூலத்திலிருந்து' வரும் நிதியும் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. நிறுவனத்தின் பணமும் அதில் அடக்கம். நூறு நாள் வேலைக்குப் போகும் நம் அக்காவும் அண்ணியும் அந்தக் குழுவில் உறுப்பினர்கள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடக் கூடாது.

கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். திட்டம் எத்தனை ஆண்டுக்கு? முடிந்தபின் பழுது பார்ப்பது யார்? எல்லாப் பிள்ளைகளும் தொடுகிறார்களா, பொறுக்கி எடுத்த இருபது பேர் மட்டுமா? அறிவியல், கணித ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை காலி? முதல் மூன்றும் நிறுவனத்துக்கு, நான்காவது அரசுக்கு. ஆசிரியரை நியமிப்பது அரசின் கடமை. அதை எந்த நிறுவனத்தின் தலையிலும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. கேள்விகளைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஆய்வகம் திறக்க அதிகாரிகள் வரும் நாளில், காலிப் பணியிடப் பட்டியலையும் மனுவாகக் கையில் கொடுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, அந்த மனுவை எழுதித் தர உங்களால் முடியும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அம்மாவோடு ஒருமுறை குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்த வடசென்னைப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவள் பள்ளிக்கு ஒரு பிசிக்ஸ் ஆசிரியர் வந்துவிட வேண்டும்.